எதிர்வினை: பூட்டியவரே கதவு திறக்காது என்கிறார்

கொழும்பில் தமிழ் இளம்பெண்களுக்குப் பத்திரிகைப் படப்பிடிப்புப் பயிற்சி கொடுப்பது காசுக்கும் காலத்துக்கும் கேடு என்று சென்ற இதழில் ஒரு நீண்ட கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் இந்தத் துறையில் பழுத்தவர். ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்து ஆசிரிய பீடங்களைப் பார்த்தவர். அந்த மரியாதைக்காகவே பொறுமையோடு கடைசி வரி வரை வாசித்தேன். இளம்பெண்களின் எதிர்காலத்தைப் பற்றிய கவலை என்று தொடங்கியவர், முடியும் வரை தன் மேசையின் நிம்மதியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்.

அவருடைய வாதங்களைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நான் திரித்துவிட்டேன் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது. ஆபிரிக்காவில் பெண்களிடம் கமெராவைக் கொடுத்துப் பழக்கிய வெளிநாட்டுத் திட்டங்களை அப்படியே தூக்கிவந்து வெள்ளவத்தையில் இறக்குகிறார்களாம். கைத்தொலைபேசி வந்த பிறகு பத்திரிகைப் படப்பிடிப்பாளர் என்றொரு தொழிலே இல்லையாம். அந்தத் தொழில் பெண்களுக்கு ஆபத்தானதாம். இல்லாத தொழில் எப்படி ஆபத்தாகும் என்று நாம் கேட்கக்கூடாது. ஆபத்தைத் தாண்டினாலும் கலியாணம் கட்டியதும் விட்டுவிடுவார்களாம். விடாதவர்கள் கலியாண வீட்டு அல்பத்தோடு நின்றுவிடுவார்களாம். இத்தனையையும் தாண்டி ஒருத்தி வந்துவிட்டால் அவளுக்குப் பயிற்சியே தேவையில்லையாம். ஏனென்றால் பார்வை பிறவியில் வருவது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறார். வேலி போட்டவரின் உழைப்பை மெச்சத்தான் வேண்டும்.

ஆபிரிக்காவிலிருந்தே தொடங்குவோம். அந்தச் சொல்லை அவர் ஒரு வசைபோலப் பயன்படுத்துகிறார். அங்கே நடந்தது என்ன என்று தெரிந்திருந்தால் இந்த உதாரணத்தைத் தொட்டிருக்கவே மாட்டார். கானாவில் பெலிசியா அபான் என்ற பெண் பதினாலு வயதில் தன் தகப்பனாரிடம் படப்பிடிப்புப் பழகி, 1955இல் அக்ரா நகரில் சொந்த ஸ்டூடியோ திறந்தார். கானா சுதந்திரம் அடைய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. எந்த என்.ஜி.ஓ.வும் அவருக்குக் கமெரா கொடுக்கவில்லை. வீட்டிலேயே ஓர் ஆசிரியர் இருந்தார், அவ்வளவுதான். தென்னாபிரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் என்று பேசப்படும் மேபல் செட்டு தாதியாக இருந்தவர். படப்பிடிப்பைப் பயின்று 1950களில் சஞ்சிகைகளுக்குப் படம் எடுத்தார். 1989இல், நிறவெறி ஆட்சி இன்னும் விழாத நேரத்தில், ஜொஹன்னஸ்பேர்க்கில் டேவிட் கோல்ட்பிளாட் ‘மார்க்கெட் போட்டோ வேர்க்‌ஷொப்’ என்ற பள்ளியைத் தொடங்கினார். கறுப்பின இளைஞர்களுக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்க எந்தக் கதவும் திறந்திராத நாட்டில், எந்த நிறத்தவரும் வந்து படிக்கலாம் என்று திறந்த இடம் அது. அங்கே படித்த ஜோடி பீபர் என்ற பெண் எடுத்த படத்துக்கு 2010ஆம் ஆண்டுக்கான உலகப் பத்திரிகைப் பட விருது கிடைத்தது. மூக்கும் காதும் அறுக்கப்பட்ட ஓர் ஆப்கான் இளம்பெண், கமெராவை நேருக்கு நேர் பார்க்கும் படம். டைம் சஞ்சிகையின் அட்டையில் வந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். இன்று உலகின் பெரிய காட்சிக்கூடங்களில் தொங்கும் சனேலெ முஹோலியின் படங்களுக்கும் அந்தப் பள்ளிதான் தொடக்கம்.

ஆகவே இது ‘ஆபிரிக்கத் திட்டம்’ என்றால், தாராளமாக இறக்குமதி செய்யலாம். இன்னும் கிட்ட வேண்டுமென்றால் டாக்காவுக்குப் போகலாம். சஹிதுல் ஆலம் 1998இல் தொடங்கிய பாடசாலா என்ற பள்ளியில் படித்தவர் தஸ்லிமா அக்தர். 2013 ஏப்ரலில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் செத்தபோது, இடிபாடுகளுக்குள் ஓர் ஆணும் பெண்ணும் அணைத்தபடி இறந்து கிடந்த படத்தை எடுத்தவர் அவர். நம் கடைகளில் தொங்கும் சட்டைகளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று உலகத்துக்குக் காட்டிய அந்தப் படத்தை ஒரு பெண், பயிற்சி பெற்ற பெண், எடுத்தார்.

வெளிநாட்டுக் காசு என்ற ஏளனத்துக்கும் ஒரு வார்த்தை. ஊடக சுதந்திரம் பற்றிய 1998ஆம் ஆண்டின் கொழும்புப் பிரகடனத்தின் வழியில் பிறந்த இலங்கைப் பத்திரிகை நிறுவனமும் அதன் இதழியல் கல்லூரியும் ஸ்கண்டிநேவிய நாடுகளின் உதவியோடுதான் வளர்ந்தன. இன்று ஆசிரிய பீடங்களில் இருக்கும் எத்தனையோ ஆண்கள் அங்கே டிப்ளோமா வாங்கியவர்கள். அவர்களை யாரும் டொலருக்குப் பிறந்தவர்கள் என்று எழுதியதில்லை. பெண்கள் வகுப்புக்கு வரும்போதுதான் நம்மவர்களுக்குத் தேசிய உணர்வு பீறிடுகிறது.

பார்வை பிறவியில் வருவது என்கிறாரே, அதைப் பார்ப்போம். படப்பிடிப்பு வரலாற்றில் பெரும் பெயர்களில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் மலைநாட்டில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானவர். அவர் கமெராவைத் தொட்டதே நாற்பத்தெட்டு வயதில். மகளும் மருமகனும் வாங்கிக் கொடுத்த கமெரா அது. கோழிக்கூட்டை ஸ்டூடியோவாக்கவும் கரி போட்டு வைத்த அறையை இருட்டறையாக்கவும் அவருக்கு ஒரு வீடு இருந்தது. கண்ணாடித் தகடுகளையும் இரசாயனத்தையும் கொட்டிப் பழக நேரம் இருந்தது. இலங்கையில் தோட்டம் வைத்திருந்த கணவர் இருந்தார். அந்தப் பார்வை பிறவியில் வந்ததோ என்னவோ, வசதி பிறவியில் வந்தது. இங்கே அவர் எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள், தமிழர்கள். பெயர் இல்லை. கமெராவுக்கு முன்னால் பெயரில்லாமல் நிற்க நம் பெண்களுக்கு ஒன்றரை நூற்றாண்டாக யாரும் தடை சொல்லவில்லை. அதற்குப் பயிற்சியும் தேவைப்படவில்லை. கொழுந்துக்கூடையோடு சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் சுற்றுலாச் சபையின் விளம்பரத்தில் விற்பனையாகிறது. கமெராவுக்குப் பின்னால் போகிறேன் என்று ஒருத்தி சொல்லும்போது மட்டும் பிறவிப் பார்வை இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். வீட்டில் தகப்பனார் ஸ்டூடியோ வைத்திருக்காத, மருமகன் கமெரா வாங்கித் தராத பெண்ணுக்கு இந்தத் தொழிலுக்குள் வர இருக்கும் ஒரே வழி பயிற்சிதான்.

அடுத்தது கைத்தொலைபேசி. காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து பம்பலப்பிட்டிப் பக்கம் நடந்து பாருங்கள். ஸ்டூடியோக்கள் இன்னும் இருக்கின்றன. அடையாள அட்டைக்கு ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு பெற்ற ஸ்டூடியோவில்தான் படம் எடுக்க வேண்டும். வீசாப் படத்துக்கு ஒவ்வொரு தூதரகத்துக்கும் ஒவ்வோர் அளவு. காது தெரிய வேண்டும், பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், பொட்டு மினுங்கக் கூடாது. எல்லாரிடமும் போன் இருக்கும் ஊரில் இந்தக் கடைகள் ஏன் பிழைக்கின்றன? படத்துக்கு ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டிய இடத்தில் போன் செல்லாது. பத்திரிகைக்கும் அதே விதிதான். 2022 ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்த ஆயிரக்கணக்கானவர்களில் போன் இல்லாதவர் யார்? ஆனாலும் உலகப் பத்திரிகைகள் ரொய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி., ஏ.பி. படங்களைத்தான் முதற்பக்கத்தில் போட்டன. அந்தப் படத்தை யார், எங்கே, எப்போது எடுத்தார், எதையும் சேர்த்தாரா அழித்தாரா என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்பதால் போட்டன. கணினி தானே படம் வரையும் காலத்தில் அந்த ஒருவரின் பெறுமதி கூடியிருக்கிறது. இதை மூத்த பத்திரிகையாளர் ஒருவருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

பயிற்சி வகுப்பில் பொத்தானை அழுத்தத்தான் பழக்குகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் போய்ப் பார்த்தேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடி அறை. கோச்சி போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு பிள்ளை, தான் வாடகைக்கு இருக்கும் அறையையே எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். புறக்கோட்டைப் புடவைக் கடைகளில் வேலை செய்யும் நான்கு பெண்கள், ஒரே அறை. பிளாஸ்டிக் கதிரையின் மேல் சோறு காய்ச்சும் மின்சாரக் குக்கர், அதற்கு நேர் மேலே கொடியில் காயும் சுடிதார், சுவரில் ஊரிலிருந்து கொண்டுவந்த முருகன் படம். நாற்பது படங்களுக்கு மேல் எடுத்திருந்தாள். பயிற்றுநர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். குக்கரின் ஆவிக்குப் பின்னால் ஒரு பெண் கண்ணாடி பார்த்துத் தலை இழுக்கும் படத்தில் நின்றார். நல்ல படம் என்று நான் நினைத்தேன். அவர் அந்தப் பிள்ளையிடம் படத்தில் இருப்பவரின் முழுப் பெயரைக் கேட்டார், வயதைக் கேட்டார், எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேட்டார். இந்தப் படம் பத்திரிகையில் வந்தால் கடை முதலாளி என்ன சொல்வார், வீட்டுக்காரி வாடகையைக் கூட்டுவாளா, அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லித்தான் சம்மதம் வாங்கினாயா என்றும் கேட்டார். பிள்ளையிடம் பெயர் மட்டும் இருந்தது. மீதியை வாங்கிக்கொண்டு வரும்படி திருப்பி அனுப்பினார்.

அந்தக் கேள்விகளை நம் ஆசிரிய பீடங்களில் நான் எத்தனை வருடம் வேலை செய்தும் கேட்டதில்லை. அங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: படம் பெரிதாகப் போடுமளவுக்குத் தெளிவா? பேஸ்புக்கிலிருந்து இறக்குவார்கள், பக்கத்தில் ஒட்டுவார்கள், கீழே ஒன்றும் இருக்காது. சென்ற இதழில் அந்தக் கட்டுரைக்கு மேலேயே கமெரா பிடித்த ஒரு பெண்ணின் படம் இருந்தது. எடுத்தவர் பெயரும் இல்லை, அந்தப் பெண் யார் என்பதும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒளிப்படத்தையும் ஒரு படைப்பாகவே காக்கிறது என்பதை இந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளைகள் அதைத் தெரிந்துகொண்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டால் வில்லங்கம்தான். அந்தப் பயத்தை வெளியே சொல்ல வெட்கப்பட்டுத்தான் கைத்தொலைபேசியைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார் போலும்.

இனி ஆபத்து. இந்த இடத்தில் நான் நையாண்டி செய்யப் போவதில்லை, ஏனென்றால் அவர் பெரிய பெயர்களை இழுத்திருக்கிறார். பத்திரிகையாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணத்தில் தன் வீட்டுக்குள் வைத்துக் கொல்லப்பட்டார். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று படைத்தரப்புச் சொன்னது. சுடர் ஒளி பத்திரிகையின் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிரேத அறைக்குப் போய் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. படங்கள் வெளிவந்தன, பொய் உடைந்தது. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். அந்த ஐந்து பிள்ளைகளுக்கும் நடந்தது என்ன என்பதற்கு இன்றும் மிஞ்சியிருக்கும் அசைக்க முடியாத சாட்சி அந்தப் படங்கள்.

இந்த வரலாற்றைப் படித்து ஒருவர் எடுக்கக்கூடிய முடிவு, படம் எடுப்பவர்களைப் பாதுகாக்க வேண்டும் என்பது. கட்டுரையாளர் எடுத்த முடிவு, பெண்களை வெளியே வைக்க வேண்டும் என்பது. நிமலராஜனும் சுகிர்தராஜனும் ஆண்கள். அவர்கள் கொல்லப்பட்ட பிறகு இனித் தமிழ் ஆண்களுக்கு இந்தத் தொழில் வேண்டாம் என்று யாராவது எழுதினார்களா? நினைவுதினத்துக்கு மாலை போட்டோம், அடுத்த பெடியனை அனுப்பினோம். பெண்களுக்கென்று தனியாக வரும் ஆபத்து பெரும்பாலும் துப்பாக்கியோடு வருவதில்லை. 155ஆம் இலக்கப் பஸ்ஸில் உரசிக்கொண்டு வருகிறது. கூட்டத்தில் கமெராப் பையை இழுக்கும் சாட்டில் வருகிறது. இரவு பன்னிரண்டு மணிக்குச் செய்தி ஆசிரியர் அனுப்பும் வட்ஸ்அப் செய்தியில் வருகிறது. இந்த ஆபத்துக்களைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. துப்பாக்கியைப் பற்றிப் பேசினால் அரசைக் குற்றம் சொல்லலாம். வட்ஸ்அப்பைப் பற்றிப் பேசினால் பக்கத்து மேசையைப் பார்க்க வேண்டி வரும்.

கலியாணம் கட்டியதும் விட்டுவிடுவார்கள் என்ற வாதம் நம் ஊரில் ஆசிரியத் தொழிலைத் தவிர எல்லாத் தொழிலுக்கும் சொல்லப்பட்டது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஹொமாய் வியரவல்லாவுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவரே பின்னால் கணவரான மானெக்‌ஷாதான். அவர் எடுத்த ஆரம்பகாலப் படங்கள் கணவரின் பெயரில் வெளிவந்தன. ஒரு பெண்ணின் பெயரைப் போட அன்றைய பத்திரிகைகளுக்கு மனம் வரவில்லை. படம் வேண்டும், பெயர் வேண்டாம். அவர் 1970 வரை அந்தத் தொழிலில் இருந்தார். இங்கே, வீரகேசரியில் அறுபதுகளில் சேர்ந்த அன்னலட்சுமி இராஜதுரை அரை நூற்றாண்டு அந்தப் பத்திரிகையோடு இருந்தார். கிராண்ட்பாஸ் வீதியில் அவர் படியேறிய வருடங்களில் எத்தனை ஆண்கள் வெளிநாடு போனார்கள், எத்தனை பேர் வங்கி வேலைக்கு மாறினார்கள் என்று யாராவது கணக்கு எடுத்தார்களா? கனடாவுக்குப் போன ஆண் படப்பிடிப்பாளருக்குக் கொடுத்த பயிற்சி வீண் என்று எழுத இந்தக் கட்டுரையாளருக்கு ஏன் தோன்றவில்லை?

பெண்கள் விடுகிறார்கள் என்பது உண்மை. எனக்குத் தெரிந்தே சிலர் விட்டிருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் கூட்டத்துக்கு அனுப்பிவிட்டு, முடிந்து திரும்ப ஓட்டோக் காசு கொடுக்காத அலுவலகத்தை விட்டார்கள். நியமனக் கடிதம் கேட்டபோது, படம் வந்தால் படத்துக்குத் தருகிறோம் என்று சொன்ன அலுவலகத்தை விட்டார்கள். பாராளுமன்றம், நீதிமன்றம், பொலிஸ் ஊடகப் பிரிவு எல்லாம் பெடியன்களுக்கு, உனக்கு மகளிர் பக்கத்துக்கு ஒரு சமையல் படம் என்று மூன்று வருடம் வைத்திருந்த அலுவலகத்தை விட்டார்கள். மேடையைக் கோணலாக்கி வைத்துவிட்டு, ஆடத் தெரியவில்லை என்று எழுதுவது எந்த நியாயத்தில் சேரும்? உலகப் பத்திரிகைப் பட அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வில், பதில் சொன்ன படப்பிடிப்பாளர்களில் பெண்கள் 15 வீதம். போட்டியும் பணமும் உள்ள நாடுகளையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. நம் தமிழ்ப் பத்திரிகைகளின் ஆசிரிய பீடங்களில் கமெராவோடு இருக்கும் பெண்களை வீதத்தில் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, விரலே அதிகம்.

கலியாண வீட்டு அல்பத்தைப் பற்றி அவருக்கு ஏன் இவ்வளவு இளக்காரமோ தெரியாது. கொழும்பில் பத்திரிகைக்குப் படம் எடுக்கும் ஆண்களில் பாதிப்பேர் சனி, ஞாயிறில் எங்கே நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். பத்திரிகைக் கொடுப்பனவில் லென்ஸ் வாங்க முடியாது. 2022இன் தொடக்கத்தில் இருநூறு ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டபோது, பாவித்த கமெராகூடக் கைக்கு எட்டாமல் போனது. கலியாணம்தான் அந்தக் கமெராவுக்கு எண்ணெய் ஊற்றுகிறது. பெண்கள் அதே வேலையைச் செய்தால் மட்டும் அது தோல்வியா?

சாமத்திய வீட்டையும் இதில் பார்க்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளை, தோளில் சரியும் சேலை, சுற்றிலும் பெண்கள், நடுவில் ஓர் ஆண் படப்பிடிப்பாளர். இப்படித் திரும்பு, கண்ணைத் தாழ்த்து, தோளைக் கொஞ்சம் இறக்கு என்று அவர் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை கூசிக்கொண்டு நிற்கும். வீட்டில் இருக்கும் ஒருவருக்கும் அதில் பண்பாட்டுக் குறை தெரிவதில்லை. அதே பிள்ளை பத்து வருடம் கழித்து ஒரு கமெராவைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறினால் எல்லாருக்கும் பண்பாடு ஞாபகம் வருகிறது.

பெண்கள் இரக்கத்தோடு பார்ப்பார்கள், ஆகவே அவர்களுடைய படங்கள் மென்மையாக இருக்கும் என்ற வாதத்தை நான் எடுக்கப் போவதில்லை. அது அவர்களை மீண்டும் மகளிர் பக்கத்துக்கே அனுப்பும் வழி. நான் சொல்வது, யார் எங்கே நிற்க முடியும் என்பதைப் பற்றி. 1983 ஜூலையில் பொரளை பஸ் நிலையத்தில், அடித்து உரிக்கப்பட்டு நிர்வாணமாகக் குந்தியிருக்கும் தமிழரின் படத்தை எடுத்தவர் சந்திரகுப்த அமரசிங்க, ‘அத்த’ பத்திரிகையின் படப்பிடிப்பாளர், சிங்களவர். அன்று அந்த இடத்தில் ஒரு தமிழர் கமெராவோடு நின்றிருக்க முடியுமா? அவர் நின்றதால் நமக்கு அந்தச் சாட்சி கிடைத்தது. அதேபோல ஆண் நிற்க முடியாத இடங்கள் இந்த ஊரில் இருக்கின்றன. அந்த நான்கு பெண்களின் வாடகை அறை ஓர் இடம். கட்டுநாயக்கத்தில் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களின் விடுதி இன்னோர் இடம். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி நகரத்துக்கு வெளியே கொண்டுபோனார்கள். மறுநாளே உயர்நீதிமன்றம் தடை போட்டது. அந்த நாளைப் பற்றி எண்ணைச் சொல்கிறோம், தீர்ப்பைச் சொல்கிறோம். அதிகாலையில் கதவைத் தட்டியபோது உள்ளே உடுப்பு மடித்த பெண்களின் முகம் நம் பத்திரிகைகளின் நினைவில் இல்லை.

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி வீதியோரத்தில் உட்கார்ந்தார்கள். கையில் பிடித்திருப்பவை பெரும்பாலும் ஊர் ஸ்டூடியோக்களில் எடுத்த சின்னப் படங்களைப் பெருப்பித்தவை. பத்திரிகைகள் அவர்களை எப்போது எடுக்கின்றன? அழும்போது. ஓர் அமைச்சர் வந்து போகும்போது. கமெராவைத் தூக்கும் கை மாறினால் அழாத நேரத்திலும் அந்தத் தாய்மார் நம் பக்கங்களில் வருவார்கள் என்று நான் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் கை மாறாமல் அது வரவில்லை என்பதை நாம் பார்த்துவிட்டோம். கொட்டாஞ்சேனை என்றால் தேர், புனித லூசியாள் திருநாள், துப்பாக்கிச் சூடு. வெள்ளவத்தை என்றால் நகைக்கடை விளம்பரம், ஆடிவேல். இத்தனை ஆயிரம் தமிழர்கள் வாழும் இரண்டு ஊர்களின் பட வரலாறு இவ்வளவுக்குள் முடிந்துவிட்டது, பயிற்சியை எதிர்ப்பவர்களின் ஆட்சியில்.

ஒரு விடயத்தில் கட்டுரையாளரோடு உடன்படுகிறேன். ஹோட்டல் மண்டபத்தில் மூன்று நாள் செயலமர்வு, பெனர், மதியச் சாப்பாடு, சான்றிதழ், கடைசியில் குழுப்படம், பிறகு ஆளுக்கொரு பக்கம். இப்படி நடப்பவை இருக்கின்றன. கமெராவைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அறிக்கையில் இத்தனை பெண்களை வலுவூட்டினோம் என்று எழுதி அனுப்புகிறார்கள். அவற்றை அவர் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் அதற்கு மருந்து பயிற்சியை நிறுத்துவதா? மூன்று நாளை ஒரு வருடமாக்கச் சொல்லியிருக்கலாம். கமெராவை அந்தப் பிள்ளைகளிடமே விடச் சொல்லியிருக்கலாம். முடித்து வருபவர்களுக்குத் தன் அலுவலகத்தில் ஆறு மாதம் சம்பளத்தோடு இடம் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒன்றைக்கூட அவர் அந்தக் கட்டுரையில் தருவதாகச் சொல்லவில்லை.

ஆகையால் கட்டுரையாளருக்கும், அவரைப்போல நினைக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. வெள்ளவத்தையில் அந்த வகுப்பை முடித்த பிள்ளைகள் சிலர் உங்கள் அலுவலகங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். ஒருவருக்கும் பதில் வரவில்லை. பத்துப் படங்களைப் பார்க்க அரை மணித்தியாலம் போதும். கூப்பிட்டுப் பாருங்கள். பிடித்தால் நியமனக் கடிதம் கொடுங்கள், மாதச் சம்பளம் கொடுங்கள், இரவு வேலைக்கு வாகனம் கொடுங்கள். பிடிக்காவிட்டால் ஏன் பிடிக்கவில்லை என்று எழுத்தில் கொடுங்கள். இதை ஒரு வருடம் செய்து பார்த்துவிட்டு, பெண்களுக்கு இந்தத் தொழில் சரிவராது என்று அப்போதும் தோன்றினால் எழுதுங்கள். அதுவரை இந்தப் பொருளில் இன்னொரு கட்டுரை எழுத உங்களுக்குத் தகுதி இல்லை.